ஆப்ஜெக்ட் ஐடி போதுமா: ஓப்பன்சோஷியல், சிமிஸ் இணைப்பு பற்றி

கோப்பறை:
‘திறவூற்று’ என்ற பெயரில் எழுதும் நண்பர் நேற்று வேறோர் இழையில், சமூக வலைத்தளச் செயலிகளுக்கான பொதுத் தரநிலையான ஓப்பன்சோஷியலையும் ஆவணக் களஞ்சியங்களுக்கான பொதுத் தரநிலையான சிமிஸையும் பொருத்துவதில் சிக்கல் எதுவும் இருந்ததே இல்லை, சிமிஸ் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் அடையாளக் குறியான ஆப்ஜெக்ட் ஐடியை, யார் எதைச் செய்தார் என்று வரிசையாகக் காட்டும் செயல்பாட்டு ஓடையில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தார். ஆவணக் களஞ்சியங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய எனக்கு அதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. சிமிஸில் ஓர் ஆவணத்தின் ஒவ்வொரு பதிப்பும் தனிப் பொருள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஜெக்ட் ஐடி உண்டு. அவற்றையெல்லாம் ஒன்றாகக் கோப்பது வெர்ஷன் சீரிஸ் ஐடி, அதாவது பதிப்புத் தொடரின் ஐடி, என்ற வேறொரு பண்பு.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் கொள்முதல் விவரக்குறிப்பு ஒன்றின் மூன்றாம் பதிப்பின் மீது 14 கருத்துரைகள் குவிந்திருந்தன. யாரோ ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி நான்காம் பதிப்பாகப் பதிவேற்றினார். ஆப்ஜெக்ட் ஐடி மாறியது; கருத்துரைகளோ பழைய ஐடியோடு நின்றுவிட்டன. மறுநாள் ஒப்புதல் தர வேண்டிய அதிகாரியின் திரையில் ‘கருத்துரைகள் ஏதுமில்லை’ என்று வந்தது. அவரும் ஒப்புதல் அளித்துவிட்டார். ஓடையில் சேர்க்க வேண்டியது சீரிஸ் ஐடியை.

திறவூற்று:
ஆப்ஜெக்ட் ஐடி மாறாதது, ஒரு பொருளுக்கு ஒருமுறை தந்தபின் நிலைப்பது என்று சிமிஸ் தரநிலையே தெளிவாகக் கூறுகிறது. 2010 மே மாதம் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு சிமிஸ் 1.0 பதிப்பை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அது அப்படித்தான் இருக்கிறது. ஐடி மாறியது என்று நீங்கள் எழுதுவதே பிழை. ஐடி மாறவில்லை, புதிய பொருள் பிறந்தது. உங்கள் அலுவலகத்தின் நிரல், கையிலிருக்கும் ஐடியைக் கொடுத்துக் கடைசிப் பதிப்பைக் கேட்டு வாங்கும் சேவையைப் பயன்படுத்தியிருந்தால் பழைய கருத்துரைகளையும் சேர்த்தே காட்டியிருக்கலாம். நிரலாளரின் சோம்பலைத் தரநிலையின் மேல் ஏற்றாதீர்கள்.

சீரிஸ் ஐடியில் கருத்துரையைக் கட்டினால் என்ன நடக்கும் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஓர் ஒப்பந்த வரைவின் மீது சட்டப் பிரிவினர் ‘7ஆம் பிரிவை நீக்குக’ என்று எழுதினர். நீக்கினோம், 8ஆம் பிரிவு 7 ஆனது. அந்தக் கருத்துரையோ புதிய பதிப்பின் கீழும் அப்படியே நின்றது. விடுப்பிலிருந்து திரும்பிய இன்னொருவர் அதைப் பார்த்து, இழப்பீட்டைப் பற்றிய புதிய 7ஆம் பிரிவையும் நீக்கிவிட்டார். கருத்துரை எந்த எழுத்தைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்த எழுத்தோடுதான் இருக்க வேண்டும்.

கோப்பறை:
பொருள் பிறந்தது, ஐடி மாறவில்லை என்ற சொல்விளையாட்டால் ஒப்புதல் கொடுத்த அதிகாரிக்கு என்ன பயன்? அவர் கண்ணுக்கு அது ஒரே ஆவணம். அல்பிரெஸ்கோ என்ற ஆவணக் களஞ்சிய மென்பொருளில் பாருங்கள்: ஆவணத்தின் ஆப்ஜெக்ட் ஐடியின் வாலில் ஓர் அரைப்புள்ளியும் பதிப்பு எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுத்து ஓடையில் வைப்பது, வீட்டு முகவரிக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு அன்று அடித்திருந்த வண்ணத்தை எழுதி வைப்பதற்குச் சமம். மீண்டும் சொல்கிறேன், சீரிஸ் ஐடி.

நூலிழை:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். ஓப்பன்சோஷியல் 2.0, 2011இல் செயல்பாட்டு ஓடைக்கான வடிவமான ஆக்டிவிட்டி ஸ்ட்ரீம்ஸை உள்ளே கொண்டுவந்தது. அதில் பொருளின் ஐடி என்பது உலகெங்கும் தனித்து நிற்கும் முழு முகவரியாக இருக்க வேண்டும். சிமிஸ் ஐடியோ, ஆப்ஜெக்ட் ஆனாலும் சீரிஸ் ஆனாலும், ஒரு களஞ்சியத்துக்குள் மட்டுமே பொருள்படும் வெறும் சரம். களஞ்சியத்தின் ஐடியையும் சேர்த்து ஒரு முகவரியாக்காமல் எதை ஓடையில் போட்டாலும் பயனில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ‘யார்’ என்பது. ஓடையின் ஒவ்வொரு பதிவுக்கும் செய்தவர் யார் என்ற புலம் கட்டாயம். சிமிஸின் மாற்றப் பதிவேடு கட்டாயமாகத் தருவது எந்தப் பொருள், என்ன வகை மாற்றம், எந்த நேரம் என்பவை மட்டுமே. ஆவணத்தை நீக்கிவிட்டால், கடைசியாகத் திருத்தியவர் யார் என்று கேட்கவும் அங்கே பொருள் இருக்காது.

கோப்பறை:
முகவரியாக்குவது ஒரு வரி நிரல். எதை முகவரியாக்குவது என்பதுதான் கேள்வி. அதற்கு நீங்கள் விடை சொல்லவில்லை. பயனர் சுயவிவரம் பற்றிய பழைய இழையிலும் இப்படித்தான் நடுவில் வந்து வேறு கேள்வியைப் போட்டுவிட்டுச் சென்றீர்கள்.

நூலிழை:
அந்த இழையில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்றுவரை பதிலளிக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைவுபடுத்துகிறேன். ‘யார்’ என்று தெரியாத ஓடை ஓடையே அல்ல.

கரைவழி:
எந்த ஐடி என்று இத்தனை தீவிரமாக வாதாடுகிறீர்கள். ஓப்பன்சோஷியலின் முன்மாதிரி நிரலாக இருந்த அப்பாச்சி ஷிண்டிக் 2015இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஓப்பன்சோஷியல் அமைப்பின் பணிகளும் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி பக்கம் போய்விட்டன. 2018 சனவரியில், வெவ்வேறு சமூக வலைத்தளங்கள் தம்முள் செய்தி பரிமாறும் நெறிமுறையான ஆக்டிவிட்டிபப் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளிவந்தது. இனி பேச வேண்டியது அதைப் பற்றித்தான். அதிலும் அனுமதிச் சிக்கலே முதன்மையானது. ஓடை ஆவணத்தின் தலைப்பைத் தன்னிடம் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. களஞ்சியத்தில் அந்த ஆவணத்தைப் பார்க்கும் உரிமையைப் பிறகு பறித்தாலும், ‘பணிநீக்கப் பட்டியல் இறுதி’ என்ற தலைப்பு எல்லோருடைய திரையிலும் நிற்கும்.

கோப்பறை:
ஷிண்டிக் ஓய்வு பெற்றதால் கேள்வி ஓய்வு பெற்றுவிடாது. ஆக்டிவிட்டிபப்பிலும் பொருளுக்கு ஐடி வேண்டும். களஞ்சியத்திலிருந்து வரும் ஆவணத்துக்கு அங்கே எந்த ஐடியைத் தருவீர்கள்? பதிப்புக்கா, தொடருக்கா? அனுமதியையும் அதை வைத்துத்தான் சரிபார்க்க முடியும். கூகுள் 2007 நவம்பரில் ஓப்பன்சோஷியலை அறிவித்தபோதும், இஎம்சி, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2008இல் சிமிஸ் வரைவை வெளியிட்டபோதும் ஒரு பக்கத்தார் மனிதர்களைப் பற்றியும் மறுபக்கத்தார் கோப்புகளைப் பற்றியும் மட்டுமே யோசித்தனர். 2013இல் வந்த சிமிஸ் 1.1 ஜேசன் என்ற தரவு வடிவத்தின் வழி இணைப்பைத் தந்தது, இரண்டாம்நிலை வகைகளைத் தந்தது, தக்கவைப்பு விதிகளைத் தந்தது. கருத்துரைக்கென்று ஒரு வகையைத் தரவில்லை. தந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

திறவூற்று:
1.1இல், ஆவணமாகவோ கோப்புறையாகவோ இல்லாத பொருள்களுக்கென்று ஐட்டம் என்ற அடிப்படை வகை வந்ததே, அதில் கருத்துரையை வைக்க உங்களை யார் தடுத்தார்கள்? வைத்துவிட்டு, எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதப்பட்டதோ அதன் ஆப்ஜெக்ட் ஐடியை அதில் ஒரு பண்பாக எழுதிவிடலாம். நீக்கப்பட்ட இழப்பீட்டுப் பிரிவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோப்பறை:
ஐட்டத்தை ஆதரிப்பது களஞ்சியத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது; கட்டாயமல்ல. கட்டாயமில்லாத ஒன்றின் மேல் இரண்டு தரநிலைகளை இணைக்கும் பாலத்தைக் கட்டச் சொல்கிறீர்கள். இழப்பீட்டுப் பிரிவுக்குப் பதில் இதோ: கருத்துரை சீரிஸ் ஐடியில் இருக்கட்டும், ‘மூன்றாம் பதிப்பைப் பார்த்து எழுதியது’ என்ற குறிப்பு அதன் அருகில் இருக்கட்டும். அப்படிக் காட்டியிருந்தால் அவர் அந்தப் பிரிவை நீக்கியிருக்க மாட்டார். அதே சமயம் என் 14 கருத்துரைகளும் அதிகாரியின் கண்ணில் பட்டிருக்கும்.

திறவூற்று:
அந்தக் குறிப்பில் எழுதப்போவது ஆப்ஜெக்ட் ஐடியைத்தானே? நான் நேற்று எழுதியதும் அதையேதான்.

கோப்பறை:
இல்லை. நீங்கள் எழுதியது ஆப்ஜெக்ட் ஐடி ‘போதும்’ என்று. உங்கள் வரியை மேலே எடுத்து வைத்திருக்கிறேன், யாரும் படிக்கலாம். குறிப்பில் எழுதுவது வேறு, அதில் கட்டுவது வேறு.

நூலிழை:
நீக்கியவர் யார் என்பதை எதிலிருந்து எடுப்பீர்கள் என்று இருவரில் ஒருவராவது சொல்லுங்கள்.

கோப்பறை:
முதலில் எந்த ஐடி என்று முடிவாகட்டும்.