மணல் தட்டு உலர்ந்திருந்தது: நாய், பூனைகளின் சிறுநீர், ஹார்மோன் நோய்களோடு நாங்கள் பட்டவை

கடுவன் வீட்டுக்காரி:

எங்கள் கறுப்பனுக்கு நான்கு வயது. கருத்தடை செய்த கடுவன். போன ஆடியில் ஒரு சனிக்கிழமை இரவு, மணல் தட்டில் ஏறுவதும் முதுகை வளைத்து முக்குவதும் இறங்குவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நானே முடிவு கட்டி, அரைத் தேக்கரண்டி விளக்கெண்ணெயைப் புகட்டினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை; எங்கள் பக்கத்தில் கால்நடை மருத்துவர் யாரும் கிடைக்கவில்லை. காலையில் பார்த்தபோது தட்டில் ஒரு கட்டிகூட இல்லை, மணல் போட்டது போட்டபடி காய்ந்து கிடந்தது. இன்றைக்கு மணல் அள்ளும் வேலை மிச்சம் என்று நான் மகிழ்ந்தேன் என்பதை எழுதுவதற்கே கூசுகிறது.

திங்கட்கிழமை விடியும்போது வாந்தி எடுத்துத் துவண்டு போயிருந்தான். மருத்துவர் அடிவயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே ஒரு காய்ச் சாத்துக்குடியை வைத்துத் தைத்தது போல இறுகியிருந்தது. "இது மலம் இல்லை அம்மா, மூத்திரம்" என்றார். மருத்துவமனைப் பதற்றத்தில் நிமிடத்துக்கு 180, 200 என்று ஓட வேண்டிய இதயம் 96 தடவைதான் துடித்துக்கொண்டிருந்தது. சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் அப்படித்தான் ஆகுமாம். முதலில் கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பு வழியாக மெல்ல ஏற்றினார். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போடும்வரை இதயத்துக்குக் காவலாக மட்டும் நிற்கும் என்றார். அடைப்பை நீக்கியபோது பற்பசைபோல வெளுத்த ஒன்று முதலில் வந்தது. அதன் பின்னால் காபி டிகாக்ஷன் நிறத்தில் சிறுநீர் வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் டிரிப்ஸில் இருந்து பிழைத்துக்கொண்டான். அந்தக் காய்ந்த மணல்தான் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

திருச்சி ஓய்வூதியர்:

அம்மா, நீங்கள் மணலைப் பார்த்து ஏமாந்தீர்கள். நான் சிரிஞ்சியின் மூடியைப் பார்க்காமல் ஏமாந்தேன். எங்கள் பொமேரியன் பெட்டைக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. கருத்தடை செய்யாமல் விட்டதும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். பருவம் முடிந்தபின் இரண்டு மாதம் வரை உயர்ந்திருக்கும் புரோஜெஸ்டரோன், பெட்டை நாயின் மார்புச் சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்து இன்சுலினைச் செயலற்றதாக்கிவிடுமாம். காலையும் மாலையும் ஐந்து யூனிட் என்று மருத்துவர் எழுதித் தந்தார். நம் ஊர்க் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்; அதற்குரிய சிரிஞ்சிக்குச் சிவப்பு மூடி.

ஒரு மாதம் குப்பி தட்டுப்பாடு. மருந்துக்கடைப் பையன், "இதுவும் அதே மருந்துதான் சார்" என்று பேனாவில் போடும் காட்ரிட்ஜைக் கொடுத்தான். மருந்து அதேதான், ஆனால் அதில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சி வாங்க வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிவப்பு மூடிச் சிரிஞ்சியில் ஐந்தாம் கோடு வரை இழுத்துப் போட்டேன். உள்ளே போனது பன்னிரண்டரை யூனிட்.

மதியம் அது கூடத்தில் நடந்து வந்து ஊஞ்சல் சங்கிலியில் முட்டிக்கொண்டு, பின்வாங்காமல், மறுபடியும் மறுபடியும் அதே சங்கிலியில் முட்டியது. அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. பிறகு கால்கள் இழுத்துக்கொண்டன. தொலைபேசியில் மருத்துவர் சொன்னபடி, கடிபடாமல் உதட்டைத் தூக்கி ஈறில் தேனைத் தடவிக்கொண்டே ஆட்டோவில் கொண்டு போனோம். உயிர் நின்றது. அடுத்த சில மாதங்களில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அது அன்றைய தவறால் வந்ததல்ல, சர்க்கரை உள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வருவதுதான் என்று மருத்துவர் சொன்னார். மனம்தான் கேட்கவில்லை.

மூன்று பூனைகள்:

என் அனுபவம் சிறியது. என் கிழப்பூனைக்கு மருத்துவமனையில் சர்க்கரை 290 இருந்தது. அன்றே இன்சுலின் தொடங்கலாம் என்றார்கள். கூண்டில் கத்திக் கத்தி வந்ததால் ஏறியிருக்கலாம் என்று நான் பிடிவாதமாக ஃபுரக்டோசமைன் பரிசோதனை கேட்டேன். முந்தைய இரண்டு வாரச் சராசரியைக் காட்டும் அந்த அளவு இயல்பாகவே இருந்தது. ஊசி வேண்டியிருக்கவில்லை.

முதலில் எழுதிய சகோதரிக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். அடைப்புக்குக் காரணம் உலர் தீவனம்தான், இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அதை இன்றே நிறுத்துங்கள். மீன் வேகவைத்த தண்ணீரை உப்புப் போடாமல் ஆற வைத்துக் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள், எவர்சில்வரைவிட அகலமான பீங்கான் நல்லது, விளிம்பில் மீசை இடிக்கக் கூடாது. மூன்று பூனைகளுக்கு நான்கு மணல் தட்டு வேண்டும். எங்கள் வீட்டில் கூடுதலாக, வாரம் ஒருமுறை வாழைத்தண்டுச் சாறும், வெயில் காலத்தில் இளநீரும் கொடுக்கிறோம். சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால் உடனே நான்கைந்து தேக்கரண்டி இளநீர் கொடுத்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். மனிதருக்குக் கல்லைக் கரைப்பது பூனைக்குக் கரைக்காதா? எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் காரத்தன்மையும் குறையும். என் மூன்று பூனைகளுக்கும் இதுவரை கதீட்டர் தேவைப்படவில்லை.

பெயர் வேண்டாம், கால்நடை மருத்துவர்:

இந்தப் பக்கம் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. இளநீர் என்று படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அடைபட்ட கடுவனைக் கொல்வது பெரும்பாலும் பொட்டாசியம்தான், இளநீரிலோ அது நிறைந்திருக்கிறது. வெளியேற வழியில்லாத பையை எதுவும் "தள்ளிக்கொண்டு" வராது. வீட்டில் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை, வண்டியைத்தான் எடுக்க வேண்டும். எலுமிச்சை விஷயமும் அப்படியே. ஸ்ட்ரூவைட் கல்லை அதற்கென்ற தீவனத்தால் கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட் கல் எதற்கும் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். எது என்று தெரியாமல் புளிப்பைக் கொடுப்பது குருட்டு வைத்தியம். உலர் தீவனம் மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. இளம் பூனைகளின் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பாலும் கல்லும் இருப்பதில்லை, கிருமியும் இருப்பதில்லை. வீடு மாறியது, புதுப் பூனை வந்தது போன்ற மன அழுத்தத்தையே நாங்கள் விசாரிக்கிறோம். தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு பற்றி நீங்கள் எழுதியவை நல்லவை.

என்னை உறுத்துவது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயது ராஜபாளையம் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் ரத்தத்தில் மிக அதிகம், சிறுநீரின் அடர்த்தியோ குறைவு. சிறுநீரகம் போய்விட்டது என்று வேறிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்; வீட்டுக்காரர் கருணைக்கொலைக்குச் சம்மதித்தே வந்திருந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். அதிர்ச்சி நிலையில் கிடக்கும் நாயின் இதயம் குதித்தோட வேண்டும்; இது நிதானமாகத் துடித்தது. அந்த நிதானம்தான் என்னை நிறுத்தியது. சோடியம் 128, பொட்டாசியம் 7.1 என்று வந்தது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 18. 27க்குக் கீழே போனாலே அட்ரினல் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். சலைனும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்தோம். டெக்சாமெதசோன், அட்ரினல் சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலின் பரிசோதனையைக் குழப்பாது என்பதால் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கார்டிசால் ஏறக்குறைய இல்லை என்றே பின்னர் வந்தது. அட்ரினல் சுரப்பி போதிய அளவு சுரக்காத அடிசன் நோய். சோடியம் வீணாகிக்கொண்டே இருப்பதால் நல்ல சிறுநீரகம்கூட நீர்த்த சிறுநீரையே பிரிக்கும். ஏமாறும் இடம் அதுதான். மறுநாள் காலை அந்த நாய் எழுந்து நின்று, உதவியாளரின் பொட்டலத்து இட்லியைப் பார்த்து வாலாட்டியது. ஃப்ளூட்ரோகார்டிசோனும் மிகச் சிறிய அளவில் பிரெட்னிசலோனுமாகப் பல ஆண்டு வாழ்ந்தது.

அதற்கு முன்பு, இதே யூரியாவும் இதே கிரியேட்டினினும் உள்ள அறிக்கைகளைப் பார்த்து நானும் நாய்களுக்கு ஊசி போட்டு அனுப்பிவைத்திருக்கிறேன். அவற்றுள் எத்தனைக்குச் சோடியமும் பொட்டாசியமும் பார்த்தேன் என்று என் பழைய பதிவேட்டைப் புரட்டி எண்ணியிருக்கிறேன். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

மூன்று பூனைகள்:

டாக்டர் ஐயா, நான் அடைப்பு வராமல் காக்கத்தான் சொன்னேன். சிகிச்சை என்று சொல்லவில்லை. ("சிரமப்பட்டால் உடனே" என்று எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.) வாழைத்தண்டில் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு.

லாப்ரடார் அப்பா:

என் கதையில் உயிராபத்து இல்லை, அசட்டுத்தனம் மட்டுமே. தைராய்டு குறைந்து, வால் எலிவால்போல முடி உதிர்ந்து, 32 கிலோ லாப்ரடார் படுத்தே கிடந்தான். தைராய்டு ஹார்மோனான டி4 குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வேறு நோய் இருந்தாலும் அது குறையும் என்று தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் அளவையும் பார்த்த பிறகே மருத்துவர் மாத்திரை எழுதினார்: காலை 600 மைக்ரோகிராம், மாலை 600. என் மனைவி சாப்பிடுவது நாள் ஒன்றுக்கு 75. மருந்துக்கடைக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "டாக்டர் ஒரு சைபரைக் கூடப் போட்டுவிட்டார் போல" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், காலையில் ஒரே ஒரு 100 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்துவந்தேன். நான்கு மாதம் ஒரு முடிகூட முளைக்கவில்லை. நாயின் உடல் அந்த மருந்தைக் குறைவாகவே உறிஞ்சி விரைவாகவே வெளியேற்றிவிடும். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், இருவேளை என்பதே வழக்கமான கணக்கு. சரியான அளவைத் தொடங்கிய இரண்டாம் வாரம் அவன் தானாகவே சங்கிலியைக் கவ்விக்கொண்டு வாசலில் நின்றான். மருத்துவர் கேட்டபோது, "மாத்திரை ஒழுங்காகத்தான் கொடுத்தோம்" என்று சொல்லியிருந்தேன்.

கடுவன் வீட்டுக்காரி:

கறுப்பன் நலமாக இருக்கிறானா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: இருக்கிறான். டிசம்பரில் ஒருமுறை மீண்டும் முக்கினான். இரவு பதினொன்றரைக்கு வண்டியை எடுத்துவிட்டேன், அடைப்பு இறுகும் முன்பே போய்ச் சேர்ந்தோம். தினமும் காலையில் மணலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி போடுகிறேன்.

மேலே இருவர் எழுதியதைப் படித்தபின் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, உடல் சூடு என்று எண்ணி, அவனுக்கு இரண்டு தேக்கரண்டி இளநீரும் கொடுத்தேன். திங்கட்கிழமை மருத்துவர், "வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். விளக்கெண்ணெயைச் சொன்னேன். இளநீரை மருந்தென்று நான் நினைக்கவே இல்லை, அதனால் சொல்லவில்லை.