‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ பாடல் தரும் ஆறுதல் எங்கிருந்து வருகிறது?

மாலைத்தென்றல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ராக் இசைக் குழுவான தி பேர்ட்ஸ் 1965 அக்டோபரில் வெளியிட்ட ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ பாடலைப் பற்றி ஒரு கேள்வி. அதன் சொற்கள் ஏறத்தாழ முழுவதும் பழைய ஏற்பாட்டில் பிரசங்கி நூலின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும், அவற்றுக்கு மெட்டமைத்தவர் அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகர் என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் அல்லள். எந்தச் சமயத்திலும் அழுத்தமான பற்று உள்ளவளும் அல்லள். ஆயினும் சென்ற ஆண்டு என் தாயார் மறைந்த பிறகு, பாடல் கேட்கும் மனநிலையே இல்லாதிருந்த மாதங்களில், என்னால் முழுமையாகக் கேட்க முடிந்த மிகச் சில பாடல்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. “பிறக்க ஒரு காலமுண்டு, இறக்க ஒரு காலமுண்டு” என்பது துயரத்தில் இருப்பவருக்குத் துணை நிற்கக்கூடிய வரிதான். ஆனால் அதே மூச்சில், அதே மெட்டில், “கொல்ல ஒரு காலமுண்டு” என்றும் “பகைக்க ஒரு காலமுண்டு” என்றும் வருகிறதே! கொலைக்கும் பகைக்கும் இடம் ஒதுக்கித் தரும் ஒரு பாடல் எப்படிச் சமாதானப் பாடலாக அறியப்பட்டது? அமெரிக்காவில் நினைவுக் கூட்டங்களில் இதைப் பாடுகிறார்கள் என்றும் படித்திருக்கிறேன். அந்த ஆறுதல் வேத வரிகளில் இருக்கிறதா, சீகர் செய்த மாற்றத்தில் இருக்கிறதா, அல்லது அந்தக் கிட்டாரின் ஒலியில் மயங்கிச் சொற்களை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோமா?

பாளை வாசகன்:

வணக்கம் சகோதரி. தங்கள் தாயாரின் மறைவுக்கு என் அனுதாபங்கள்.

பிரசங்கியைச் சிறுவயது முதல் ஆலயத்தில் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். அந்தப் பகுதி யாருக்கும் எதையும் செய்யுமாறு கட்டளையிடவில்லை. இரண்டாம் வசனம் முதல் எட்டாம் வசனம் வரை பதினான்கு இணைகள் வருகின்றன. அவற்றில் ஒன்றிலாவது இது நல்லது, அது தீயது என்ற தீர்ப்பு இல்லை. மனித வாழ்வில் இவையெல்லாம் நேர்கின்றன, நேரும் வேளையை நாம் தீர்மானிப்பதில்லை என்று, நீண்ட நாள் வாழ்ந்து சலித்த ஒரு ஞானி கணக்கு எழுதி வைப்பதைப் போல எழுதிச் செல்கிறார். மரபு அவரைச் சாலொமோன் என்கிறது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் நூலைச் சாலொமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டதாகக் கருதுகிறார்கள். எவராயினும், முதல் அதிகாரத்திலேயே “எல்லாம் மாயை” என்று அறிவித்துவிட்டுத் தொடங்குகிற மனிதர் அவர்.

துயரத்தில் இருப்பவருக்கு இந்தத் தீர்ப்பின்மையே பெரிய விடுதலை என்று எண்ணுகிறேன். இழப்புக்குப் பின் வரும் உபதேசங்கள் பலவும் நம்மிடம் ஏதோ ஒன்றை எதிர்பார்க்கின்றன: அழாதே, தைரியமாக இரு, இதிலும் ஒரு நன்மை இருக்கும் என்று. பிரசங்கி அப்படி எதையும் கேட்பதில்லை. “அழ ஒரு காலமுண்டு, நகைக்க ஒரு காலமுண்டு, புலம்ப ஒரு காலமுண்டு, நடனம்பண்ண ஒரு காலமுண்டு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அழுகிறவர் அழுதுகொண்டே இருக்கலாம்.

நினைவுக் கூட்டங்களைப் பற்றிக் குறிப்பிட்டீர்கள். சீகரின் பாடல் பரவுவதற்கு முன்பே இந்த வசனங்களுக்கு அமெரிக்கப் பொதுவாழ்வில் அப்படியோர் இடம் இருந்தது. 1963 நவம்பர் 25 அன்று வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் கென்னடியின் இறுதித் திருப்பலியில், ஆயர் பிலிப் ஹானன் அவருக்குப் பிடித்த வேதப் பகுதிகளை வாசித்தார். அவற்றுள் இதுவும் ஒன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து வானொலியில் இதே சொற்கள் கிட்டாருடன் ஒலித்தபோது, அந்த வாசிப்பு பலருக்கு நினைவில் இருந்திருக்கும்.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. பாடல் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது, வேதம் நிற்கவில்லை. ஒன்பதாம் வசனத்தில் பிரசங்கி, பாடுபடுகிறவனுக்கு இவற்றால் என்ன பலன் என்று கேட்கிறார். அந்தக் கசப்பான கேள்வியைச் சேர்த்து வாசிக்கிறவருக்குக் கிடைக்கும் ஆறுதலும், அதை விட்டுவிட்டுப் பாடுகிறவருக்குக் கிடைக்கும் ஆறுதலும் ஒன்றல்ல.

பழைய இசைத்தட்டு:

பாளை வாசகன் ஐயா பாடல் நின்ற இடத்தைச் சரியாகவே சுட்டிக்காட்டினார். அந்த இடத்தில் சீகர் என்ன செய்தார் என்பதில்தான் கேள்வி கேட்டவருக்கான விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அவருடைய அன்றைய நிலை. 1955இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு, கம்யூனிஸ்டுத் தொடர்புகள் பற்றிக் கேட்டபோது அவர் பதில் சொல்ல மறுத்தார். தன்னையே குற்றவாளியாக்கும் சாட்சியம் தர வேண்டியதில்லை என்ற, அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தின் பின்னால் அவர் ஒதுங்கியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். அவரோ, என் கருத்துகளையும் தொடர்புகளையும் பற்றிக் கேட்கும் உரிமையே உங்களுக்கு இல்லை என்ற நிலையை எடுத்தார். 1961இல் அவமதிப்புக் குற்றத்துக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. இந்த நெருக்கடிக்கு நடுவே, 1950களின் இறுதியில் உருவான மெட்டு இது. எதிர்ப்புப் பாடல்களை விற்க முடியவில்லை, வேறு மாதிரிப் பாடல் கொடுங்கள் என்று பதிப்பாளர் கேட்டுக்கொண்டதற்கு மறுமொழியாகவே, குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த இந்த வசனங்களை எடுத்து இசையமைத்ததாகச் சீகர் சொல்லியிருக்கிறார். பதிப்பாளருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கேட்டது எதிர்ப்பு இல்லாத பாடல், கிடைத்தது என்ன என்பதை அவர் எப்போது உணர்ந்தாரோ!

ஏனென்றால் எதிர்ப்பு பாடலின் அமைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. வேதத்தில் அழுகைக்குப் பின் நகைப்பு, புலம்பலுக்குப் பின் நடனம். சீகர் இந்த இணைகளைத் திருப்பி வைத்தார். ஆகவே முதல் சரணம் அழுகையில் முடிகிறது. போரும் சமாதானமும் ஓர் இணையாக மூன்றாம் சரணத்தில் வந்து போகின்றன. கடைசிச் சரணத்தில் அன்பும் பகையும் மறுபடி வருகின்றன. அதன் பிறகு நாம் போருக்கான காலத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கையில், அந்தப் பாதி வருவதில்லை. சமாதானத்துக்கான காலம் மட்டும் தனியே நிற்க, இன்னும் நேரம் கடந்துவிடவில்லை என்று சத்தியம் செய்து ஆணையிட்டுச் சொல்லும் சீகரின் சொந்தச் சொற்கள் அதைத் தொடர்கின்றன. முழுப் பாடலிலும் பல்லவியில் வரும் ‘டர்ன்’ (சுழல்) என்ற அந்தச் சுழற்சிச் சொல்லையும் இந்த ஆணையையும் தவிர அவர் சேர்த்தது மிகக் குறைவு. இணை இணையாகக் கேட்டே பழகிப்போன செவிக்கு அந்த ஓர் இணை உடைவது அதிர்ச்சியாக இருக்கிறது. கொலைக்கும் பகைக்கும் காலம் உண்டு என்று முன்பு ஒப்புக்கொண்டிருக்காவிட்டால் அந்த உடைவுக்கு வலிமையே இருந்திருக்காது. எனவே மாலைத்தென்றல் அம்மையாரைச் சங்கடப்படுத்திய வரிகள் பாடலுக்கு இன்றியமையாதவை.

வேறொன்றும் உண்டு. ஏழாம் வசனத்தின் “மவுனமாயிருக்க ஒரு காலமுண்டு, பேச ஒரு காலமுண்டு” என்ற இணை பாடலில் இல்லை. விசாரணைக் குழுவின் முன் பேச மறுத்த ஒருவர் அதை ஏன் விட்டார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மெட்டுக்கு அடங்காமல் போயிருக்கலாம். அதற்கு மேல் கற்பனை செய்ய நமக்கு உரிமை இல்லை.

பன்னிரு தந்தி:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, அதாவது கிட்டார் ஒலியில் மயங்கி விடுகிறோமா என்பதற்கு, யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மயங்குகிறோம், ஆனால் அந்த மயக்கமும் பொருள் உடையதுதான்.

இந்தப் பாடலைப் பேர்ட்ஸ் முதலில் பாடவில்லை. லைம்லைட்டர்ஸ் குழுவினரும் சீகரும் 1962இலேயே வெளியிட்டார்கள். 1963இல் நாட்டார் பாடகி ஜூடி காலின்ஸ் தம் மூன்றாவது இசைத்தட்டில் பாடினார். அந்தத் தட்டுக்கு இசை ஒழுங்கு செய்து கொடுத்த இளைஞர்தான் பின்னாளில் பேர்ட்ஸின் தலைவரான ரோஜர் மக்கின். (அப்போது அவர் பெயர் ஜிம்.) சிகாகோவின் நாட்டார் இசைப் பள்ளியில் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் கிட்டாரும் பயின்றவர். 1964இல் பீட்டில்ஸ் திரைப்படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு தந்தி மின்கிட்டாரைப் பார்த்துவிட்டு, அதே போன்ற ஒன்றை வாங்கினார். பேஞ்சோவுக்கு உரிய விரல் சுழற்சிகளை அந்த மின்கிட்டாரில் வாசித்ததும், ஒலிப்பதிவுக் கூடத்தில் கம்ப்ரெஸர் கருவியின் வழியே அதைச் செலுத்தியதும் சேர்ந்தே நாம் கேட்கும் ஒலியை உண்டாக்கின. பன்னிரண்டு தந்தி கிட்டாரில் கீழ்ச்சுரத் தந்திகள் நான்குக்கும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் துணைத் தந்தி உண்டு. ஒவ்வொரு சுரமும் தன் குழந்தைக் குரலையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறது. கம்ப்ரெஸர் உரத்த ஒலியை அடக்கி, தேயும் ஒலியைத் தாங்கிப் பிடிப்பதால், சுரம் சட்டென்று மறையாமல் அடுத்த சுரத்தின் மீது படர்ந்து நிற்கிறது.

இறப்பையும் புலம்பலையும் சொல்லும் சொற்களுக்கு மந்தமான, கனத்த இசையைத்தான் வேறு எவரும் அமைத்திருப்பார்கள். இங்கே சொற்கள் எல்லாம் முடிந்துபோகும் என்கின்றன. ஒலியோ முடிய மறுக்கிறது. மக்கின், ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி ஆகியோரின் கூட்டுக்குரலும் தனியொருவர் துயரம் போலன்றிச் சபையார் பாடுவது போலவே ஒலிக்கிறது. ஆங்கிலமே அறியாத என் பாட்டியார் இந்தப் பாடலைக் கேட்டுவிட்டு, இது கோயில் பாட்டா என்று கேட்டார்கள். சீகரின் ஆணையைவிட இந்த ஒலிதான் எனக்கு ஆறுதல் தருகிறது என்பதை வெட்கமின்றிச் சொல்வேன்.

மறுபார்வை:

மற்றவர்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

பாடல் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பிரபலப் பாடல்களின் பட்டியலில் முதலிடத்தை அடைந்த நாள் 1965 டிசம்பர் 4. மூன்று வாரங்கள் அங்கே இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூலையில், வியட்நாமிலுள்ள படைகளை 1,25,000ஆக உயர்த்துவதாகக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அறிவித்திருந்தார். நவம்பர் நடுவில் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படைக்கும் வட வியட்நாம் படைக்கும் முதல் பெரும் போர் நடந்து முடிந்திருந்தது. நேரம் கடந்துவிடவில்லை என்று வானொலி பாடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் போர் இன்னும் பத்தாண்டுகள் நீடித்தது. இனிமையான ஒலி அந்த ஆணையை எளிதாக விழுங்கிக்கொள்ள உதவியது என்பதே என் எண்ணம். பின்னாளில் ‘ஃபாரஸ்ட் கம்ப்’ போன்ற படங்கள் இதைப் பயன்படுத்தியபோது, அது ஒரு காலகட்டத்தின் வாசனைத் திரவியமாகவே ஆகிவிட்டது. பன்னிரு தந்தி அவர்கள் புகழும் அந்தப் படர்ந்த ஒலிக்கு இதில் பங்கு உண்டு.

இந்தப் பாடலின் ஆன்மிகக் கனத்தை உணர வேறு குரல்களைக் கேட்க வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியை நிராகரித்து அமெரிக்கக் குடிமகளாகி, நேச நாட்டு வீரர்களுக்காகப் போர்முனைகளில் பாடிய மார்லீன் டீட்ரிச், 1963இல் இதை ஜெர்மன் மொழியில் பதிவு செய்தார். தன் சொந்த நாட்டாரில் ஒரு பகுதியினரால் துரோகி என்று தூற்றப்பட்டவர், பகைக்கவும் ஒரு காலமுண்டு என்று அவர்கள் மொழியிலேயே பாடும்போது, அந்த வரியை யாரும் அழகுக்காகக் கேட்டுவிட்டுப் போக முடியாது. 1969இல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி நீனா சிமோன் பாடிய வடிவமும் அத்தகையதே. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டு அது.

மாலைத்தென்றல்:

அனைவருக்கும் நன்றி. பாளை வாசகன் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒன்பதாம் வசனத்தின் கேள்விக்குப் பிரசங்கியே எங்காவது விடை தருகிறாரா? சீகர் தந்த விடை அவருடையதற்கு எதிரானதா?

பாளை வாசகன்:

நேரடியான விடை தருவதில்லை. பதினொன்றாம் வசனத்தில் தேவன் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார் என்கிறார். உடனேயே, அவர் செய்வதை ஆதி முதல் அந்தம் வரை மனிதன் அறிய முடியாது என்றும் சேர்த்துவிடுகிறார். பிறகு, உண்டு குடித்துத் தன் உழைப்பின் பலனை அனுபவிப்பதே மனிதனுக்குக் கிடைத்த ஈவு என்று மிகச் சாதாரணமான இடத்துக்கு வந்து சேர்கிறார். காலங்கள் நம் கையில் இல்லை என்பவர் அவர். சமாதானத்தின் காலமாவது நம் கையில் இருக்கிறது என்பவர் சீகர். எதிரானதுதான். மறுபார்வை அவர்கள் சொல்வது போல வரலாறு பெரும்பாலும் பிரசங்கியின் பக்கமே நின்றிருக்கிறது. இருந்தும் எங்கள் பாடகர் குழுவில் இளையவர்கள் இந்தப் பாடலைப் பாட விரும்பியபோது, சீகரின் கடைசி வரியை எடுத்துவிட்டு வேத வசனத்தை அப்படியே வைக்கலாமே என்று ஒரு பெரியவர் கூறினார். பாடிப் பார்த்துவிட்டு, வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொன்னவரும் அவரே.