மறு: மருந்து நுகர்வை அளக்கும் அலகுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் 'டிஃபைன்ட் டெய்லி டோஸ்' (சுருக்கமாக டி.டி.டி.) எனப்படும் அலகுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில்.

> 'வரையறுக்கப்பட்ட தினசரி மருந்தளவு' என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலத்தில் உள்ள மூன்று சொல்லும் வந்துவிடுகின்றன.

மூன்று சொல்லும் வருகின்றன ஐயா, பொருள்தான் பிசகுகிறது. 'தினசரி மருந்தளவு' என்று படிப்பவர், மருத்துவர் நாளொன்றுக்கு எழுதித்தரும் அளவு என்றே எடுத்துக்கொள்வார். டி.டி.டி. அதுவன்று. ஒரு மருந்தை அதன் முதன்மையான பயனுக்காக வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு எடுப்பார் என்று, கணக்குக்காக நிறுத்திவைத்த அலகு. ஓஸ்லோவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் இதை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக நிர்ணயிக்கிறது. இரண்டு ஆன்டிபயாடிக்குகளைப் பாருங்கள்: வாய்வழி அமாக்சிசிலினுக்கு 1.5 கிராம், அசித்ரோமைசினுக்கு 0.3 கிராம். ஆகவே 500 மி.கி. அமாக்சிசிலின் மூன்று சேர்ந்தால்தான் ஓர் அலகு. அதே 500 மி.கி.யில் அசித்ரோமைசின் ஒரே மாத்திரை ஒன்றரை அலகைத் தாண்டிவிடும். மாத்திரையை எண்ணியோ கிராமில் நிறுத்தோ இரு நாடுகளை ஒப்பிட முடியாததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சான்று. அமாக்சிசிலினின் அலகு 2018 வரை 1 கிராமாக இருந்தது, 2019இல் 1.5 ஆக்கினார்கள். யாரும் ஒரு மாத்திரைகூடக் குறைத்து விழுங்கவில்லை, ஆனால் ஏட்டில் வாய்வழி அமாக்சிசிலின் நுகர்வு மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. பழைய ஆண்டுகளையும் புதிய அலகில் மறுபடி கணக்கிட்டால்தான் ஒப்பீடு நிற்கும். 'மருந்தளவு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒரு மாணவருக்கு விளக்கிப் பாருங்கள், தடுமாறிப்போவார். 'அலகு' என்றால் உடனே விளங்கும்.

> 'நாட்படி' எப்படி? படி என்பது முகத்தல் அளவையும்கூட.

அழகான சொல். ஆனால் பயணப்படி, பஞ்சப்படி என்று அரசு அலுவலகங்களில் ஊறிவிட்டதால் பணம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: நாளலகு. முதல்முறை வரும்போது 'மருந்து நாளலகு' என்று எழுதிவிட்டால் காலத்தை அளக்கும் அலகோ என்ற ஐயம் எழாது. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: "ஐரோப்பிய நாடுகளின் ஆன்டிபயாடிக் நுகர்வு, ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இத்தனை நாளலகு என்று வெளியிடப்படுகிறது. பல ஆண்டுகளாக நெதர்லாந்து கீழ்வரிசையிலும் கிரேக்கம் மேல்வரிசையிலும் உள்ளன." "நாளலகு பெரியவர்களை வைத்து வகுத்தது. எடைக்கேற்ப மருந்து கொடுக்கும் குழந்தைகள் பிரிவின் நுகர்வை அதனால் சரியாக அளக்க முடியாது." இரண்டிலும் நாக்கு இடறவில்லை.

இதனோடு ஒட்டிய ஒரு கவலை. ஆன்டிபயாடிக்குக்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பி', கிருமி அதற்கு மசியாமல் போவதற்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று நாளிதழ்களில் வருகிறது. கடைசி உயிர்மெய் ஒன்றுதான் வேறுபாடு. ஓர் அச்சுப்பிழை போதும், நோயைத் தீர்ப்பதும் தீரவிடாமல் செய்வதும் இடம் மாறிவிடும். பின்னதை 'மருந்தெதிர்ப்பு' என்றே எழுத வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நாளலகுக்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். 2017இல் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை ஆக்சஸ் (எளிதில் கிடைக்க வேண்டியவை), வாட்ச் (கவனித்துக் கொடுக்க வேண்டியவை), ரிசர்வ் (கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கியவை) என்று மூன்றாகப் பிரித்ததே, அவற்றுக்கும் பெயர் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.