அமெச்சூர் டிராக் ரேஸ் தன் செலவைத் தானே ஈட்டுமா?

இளங்கோ:
இரண்டு கார்கள் நேர்ப்பாதையில் குறுகிய தூரத்துக்கு மோதும் டிராக் ரேஸ் பணத்தை எரிக்கும் விளையாட்டு என்று பலரும் இங்கே எழுதிவிட்டீர்கள். அமெரிக்காவில் வார இறுதிகளில் நடக்கும் பிராக்கெட் ரேஸுக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம். அதில் ஓட்டுநர் தன் கார் எத்தனை விநாடியில் தூரத்தைக் கடக்கும் என்று முன்கூட்டியே கணித்து, கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் 11.42 என்பதுபோல் எழுதிவிடுகிறார். இரண்டில் மெதுவான காருக்கு, இருவரும் எழுதிய நேரங்களின் வித்தியாசத்தின் அளவுக்கு முன்னதாகவே பச்சை விளக்கு எரிகிறது. எழுதியதைவிட விரைவாக ஓடுவதே பிழையாகிவிடுகிறது. ஆகவே குதிரைத்திறனுக்குக் கொட்டும் பணம் இங்கே வீண். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தைத் தரும் பழைய கார் போதும்.

செந்தில்வேல்:
கார் மலிவாகலாம், பந்தயம் மலிவாகாது. 128 கார்கள் வந்தால் வெல்பவர் ஏழு சுற்றுகளைக் கடந்தாக வேண்டும். தலைக்கு 100 டாலர் கட்டணம், முதல் பரிசு 5,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், எல்லாரும் சமபலமுள்ள நிலையில் அப்பரிசில் ஒருவருக்குச் சராசரியாக வருவது 39 டாலர்தான். முதல் சுற்றில் தோற்றவர் மறுபடியும் பணம் கட்டி உள்ளே வரும் ‘பை-பேக்’ முறையும் இருந்தால், கையிருப்பு இன்னும் விரைவாகக் கரையும்.

இளங்கோ:
எல்லாரும் சமபலம் என்று தொடங்குவதே சரியில்லை, நண்பரே. சுற்றுக்கு 60 விழுக்காடு வாய்ப்புள்ளவர் ஏழு சுற்றுகளையும் வெல்லும் வாய்ப்பு 2.8 விழுக்காடு, உங்கள் 39 டாலர் அவருக்கு 140 ஆகிறது. அந்தக் கூடுதல் திறன் தொடக்கக் கோட்டில்தான் பிறக்கிறது. மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்போது, பச்சைக்காகக் காத்திருப்பவர் பிந்திவிடுகிறார். கடைசி மஞ்சளைக் கண்ட கணமே காரை விடுவிப்பவர் முந்துகிறார். இதை வீட்டிலேயே, ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல், பழகிக்கொள்ளலாம்.

செந்தில்வேல்:
அந்த 140-இல் நுழைவுக் கட்டணம் போக மிஞ்சும் 40 டாலர், டிரெய்லரை இழுத்துவரும் டீசலுக்கே போதாது. டயர், கியர்பாக்ஸ் பழுது, அறை வாடகை எல்லாம் தனி. வரியையும் மறந்துவிட்டீர்கள்: பொழுதுபோக்காக ஓட்டுபவரின் பரிசுத் தொகை வருமானமாகவே கருதப்படுகிறது, ஆனால் 2018 முதல் அதற்கான செலவை அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை.

மீனாட்சி:
இருவருமே பரிசை மட்டும் பார்க்கிறீர்கள். ஓட்டுநர் பொத்தானை விட்டபின் குறித்துவைத்த நேரம் கழித்துக் காரை விடுவிக்கும் தாமதப் பெட்டி என்ற மின்னணுக் கருவி அனுமதிக்கப்படும் பிரிவிலும், அதைக் கழற்றிவிட்டு அனுமதியில்லாத பிரிவிலும் ஒரே காரைப் பதிந்தால், ஒரே பயணச் செலவில் இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன. இதற்குத் திடல் விதி இடம் தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் போட்டிகளில், ஒரு நிறுவனத்தின் பாகத்தைப் பயன்படுத்தி, அதன் ஒட்டுப்படத்தையும் காரில் ஒட்டி வென்றவருக்கு அந்நிறுவனம் தனியே தொகை தருவதும் உண்டு. கார்புரேட்டர் திருத்துவது, டிரான்ஸ்மிஷன் கட்டுவது என்று மற்ற ஓட்டுநர்களுக்குச் செய்யும் வேலையை முறையான தொழிலாகக் கணக்கு வைத்து நடத்துபவர்களுக்குச் செலவைக் கழிக்கும் வழியும் திறக்கும்.

செந்தில்வேல்:
ஒட்டுப்படத் தொகையை ஏற்கிறேன், அது பந்தயத்தில் வந்த பணம். டிரான்ஸ்மிஷன் கட்டிச் சம்பாதிப்பது பட்டறையின் வருமானம். அதைப் பந்தயக் கணக்கில் சேர்க்க ஒப்பமாட்டேன். இளங்கோ, ஒரு பருவம் முழுவதற்குமான டீசல், டயர், நுழைவுக் கட்டண ரசீதுகளைப் பரிசுத் தொகையோடு சேர்த்து இங்கே பதியுங்கள், அதை வைத்துப் பேசலாம்.