கொச்சிக்காய் விதை ஓடர் பண்ண உதவி தேவை

அண்ணாமார், அக்காமார், களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுறேன். மாரி மழைக்கு முன்னம் நாற்றுமேடை போட வேணும். கொச்சிக்காய் (மிளகாய்) விதையைக் கொழும்புப் பக்கம் ஒரு கடையில் தபாலில் எடுக்க நினைக்கிறேன்.

போன முறை வேறொரு கடையில் எம்.ஐ.-2 என்ற கொச்சிக்காய் இனம் கேட்டேன். அது இல்லையென்று, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் கே.ஏ.-2 என்ற வேறு இனத்தை அனுப்பிவிட்டார்கள். கே.ஏ.-2வும் நல்ல இனம்தான். ஆனால் நாற்று நடும் அளவுக்கு வளரவே ஏறத்தாழ ஒரு மாதம் வேணும், பொதியைத் திருப்பி அனுப்பி மாற்றி எடுக்க நேரம் எங்கே? கேட்காமல் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த முறை தொலைபேசியில் சொல்லாமல் எழுத்திலேயே கேட்கப் போகிறேன்: இனத்தின் பெயர், எத்தனை கிராம், பொதி செய்த திகதி, முளைப்புத்திறன். கேட்ட இனம் இல்லையென்றால் வேறு அனுப்ப வேண்டாம், முதலில் அழையுங்கள் என்றும் போடுவேன். அதோடு தபால் செலவு சேர்த்து மொத்தக் காசு எவ்வளவு என்ற பதில் வந்த பிறகுதான் வங்கியில் போடுவேன்.

கடைக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சிங்களம் நன்றாக எழுதக்கூடியவர்கள் யாராவது இதை எழுதித் தருவீங்களா? எங்கள் ஒழுங்கையில் வீட்டு இலக்கமும் இல்லை. இப்படியான இடத்துக்கு நீங்கள் முகவரி எப்படிக் கொடுக்கிறீங்கள்? கிராம சேவகர் பிரிவும் போன் நம்பரும் போட்டால் போதுமா?