'பதிப்பாசிரியர்' என்று நானே எழுதி வெச்ச பிறகும் ஜோட்டெரோ 'எட்.' என்றே போடுது. எங்கே தப்பு?

நூற்பட்டியல்_தலைவலி:
வணக்கம். தமிழில் ஆய்வேடு எழுதிட்டிருக்கேன். நூல் விவரங்களைச் சேர்த்து மேற்கோள் போட ஜோட்டெரோ, தட்டச்ச லிப்ரே ஆபிஸ். துறையில் கேட்கிற வடிவத்துக்கு ஒரு சிஎஸ்எல் ஸ்டைலை (மேற்கோளும் நூற்பட்டியலும் எப்படி அமையணும் என்று சொல்லும் கோப்பு) எடுத்து நானே திருத்தினேன். அந்தக் கோப்புக்குள்ளேயே தமிழ் லொகேல் பகுதி (அந்த மொழிக்கான சொற்பட்டியல்) ஒன்று சேர்த்து, 'எடிட்டர்' என்ற டெர்முக்கு, அதாவது மென்பொருள் தானாகப் போடும் சொல்லுக்கு, 'பதிப்பாசிரியர்' என்று கொடுத்திருக்கேன். ஆனால் நூற்பட்டியலில் வருவது இது:

சாமிநாதையர், உ.வே. (எட்.). 1894. புறநானூறு.

அந்த 'எட்.' ஆங்கில எழுத்திலேயே நிற்குது. வேடிக்கை என்னன்னா, அடிக்குறிப்பில் அதே நூலுக்குப் 'பதிப்பாசிரியர்' சரியாக வருது! ஸ்டைலை நீக்கி மறுபடி நிறுவியாச்சு, கணினியை அணைச்சுப் போட்டாச்சு. இன்னும் இரண்டு தொல்லை: அச்சு நூல்களுக்குப் பின்னால் 'பார்த்த நாள்:' என்று மட்டும் தொங்குது, தேதி கிடையாது. இரண்டாம் பதிப்புக்கு '2' பக்கத்தில் ஆங்கில 'என்டி' ஒட்டிக்குது. வழிகாட்டி நாலு பக்கத்தையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிட்டார். கைபேசியில் இருந்து எழுதுறேன், கோப்பின் வரிகளை இங்கே ஒட்ட முடியல, மன்னிக்கவும்.

சும்மா_ஒருத்தன்:
அந்த நூலோட பதிவில் 'லாங்குவேஜ்' கட்டத்தில் தமிழ் என்று கொடுத்தீங்களா? அதை நிரப்பினா சரியாயிடும்.

கோப்புப்பூச்சி:
ஆகாதுங்க. ஜோட்டெரோவில் அந்தக் கட்டம் ஆங்கிலத் தலைப்பின் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைத்தான் பாதிக்கும். டெர்ம் எந்த மொழியில் வரணும் என்பதை ஆவணத்துக்கோ ஸ்டைலுக்கோ கொடுத்த மொழிதான் தீர்மானிக்கும்.

தலைவலி, உங்க அடிக்குறிப்புத் தகவல்லயே விடை இருக்கு. அடிக்குறிப்பில் ஸ்டைல் 'லாங்' வடிவத்தை (முழுச் சொல்) கேட்குது, நூற்பட்டியலில் 'ஷார்ட்' வடிவத்தை (சுருக்கம்) கேட்குது. நீங்க எழுதினது லாங் மட்டும். சரிதானே?

ஷார்ட் இல்லைன்னா பக்கத்தில் இருக்கிற தமிழ் லாங்கை எடுத்துக்க வேண்டியதுதானே என்று தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, ஒரு ராத்திரி முழுக்க போச்சு. சிஎஸ்எல் விதி நேர்மாறு: முதலில் மொழி மொழியாக இறங்கும், வடிவம் வடிவமாக இறங்குறது அதுக்கப்புறம்தான். ஸ்டைலுக்குள் இருக்கிற தமிழில் 'எடிட்டர் ஷார்ட்' தேடும், கிடைக்காது. அடுத்து தமிழ் லொகேல் கோப்பு, அதிலும் இல்லைன்னா கடைசிப் படியான அமெரிக்க ஆங்கிலக் கோப்பு. அங்கே 'எட்.' தயாரா உட்கார்ந்திருக்கு. கிடைச்சதும் தேடல் நின்னுடும். ஆங்கிலத்திலும் இல்லாத வடிவமா இருந்தால்தான் ஷார்ட்டுக்கு லாங், சிம்பலுக்கு (குறியீட்டு வடிவம்) ஷார்ட் என்று மாற்று தேடும்.

அதனால ஸ்டைல் கேட்கிற ஒவ்வொரு வடிவத்தையும் தமிழில் தனியாக எழுதுங்க. ஷார்ட்டுக்கு 'ப.ஆ.' போதும். ஒருமை, பன்மை இரண்டையும் கொடுங்க. பக்கத்துக்கும் அதே கதை: ஒருமைக்கு 'ப.', பன்மைக்கு 'பக்.'. 45 என்றால் முதலாவது, 45-60 என்றால் இரண்டாவது என்று மென்பொருளே பார்த்துப் போடும்.

தொங்குற 'பார்த்த நாள்:' தனி நோய். அந்தச் சொல்லும் தேதியும் ஒரே 'குரூப்' (ஒன்றாகக் கட்டின பகுதி) உள்ளே இருக்கா பாருங்க. குரூப்பில் கூப்பிட்ட மாறிகள் (தேதி மாதிரி நூலுக்கு நூல் மாறும் தகவல்கள்) எல்லாமே காலியா இருந்தா குரூப் மொத்தமும், சொல்லோடு சேர்த்து, மறைஞ்சிடும். உங்க கோப்பில் சொல் வெளியே நிற்குதுன்னு நினைக்கிறேன்.

'2என்டி'க்கு: 'ஆர்டினல்' (வரிசை எண்ணின் விகுதி) என்ற ஒரே டெர்மில் 'ஆம்' என்று எழுதுங்க. ஸ்டைலுக்குள் ஆர்டினலில் ஒன்றைத் தொட்டாலே ஆங்கிலத்திலிருந்து வந்த பட்டியல் முழுக்க விலகிடும். 1, 2, 3 என்று தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டாம்.

நூற்பட்டியல்_தலைவலி:
அண்ணா, 'ப.ஆ.' வந்துடுச்சு! குரூப்பும் நீங்க சொன்னபடியே வெளியேதான் இருந்துச்சு. '2ஆம் பதிப்பு' பார்க்கவே அழகா இருக்கு.

ஆனா ஆர்வக்கோளாறில் ஒன்று பண்ணிட்டேன். ஆங்கிலக் கோப்பில் இருந்த டெர்ம் பட்டியலை அப்படியே நகலெடுத்து, ஆங்கிலச் சொற்களை அழிச்சு, தெரிஞ்சதை மட்டும் தமிழில் நிரப்பினேன். மிச்சம் அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன். இப்போ தொகுதி எண் வெறும் எண்ணா நிற்குது, மொழிபெயர்ப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆங்கிலமாவது வரும்னு நினைச்சேன்.

கோப்புப்பூச்சி:
வராது. காலியாக எழுதின டெர்மும் எழுதின டெர்ம்தான். வெற்றுச் சொல் கிடைச்சாலும் 'கிடைச்சுடுச்சு' என்று தேடலை நிறுத்திடும். வேண்டாத சொல்லை அடக்க இது வசதி. நிரப்பாததை அந்த வரியோடு நீக்குங்க, ஆங்கிலம் திரும்ப வரும்.

என் பழக்கம் சொல்றேன்: ஆய்வேடு முடியும்வரை ஆங்கிலம் எட்டிப் பார்க்கட்டும். 'எட்.' கண்ணை உறுத்தும், திருத்துவோம். காலி இடத்தை யாரும் கவனிக்க மாட்டாங்க, அச்சுக்கே போயிடும்.

இன்னொன்று. திருத்தின ஸ்டைலுக்குப் பெயரையும் ஐடியையும் மாத்துங்க. பழைய ஐடியிலேயே விட்டா அடுத்த புதுப்பித்தலில் மூலக்கோப்பு வந்து உங்க உழைப்பு மேலேயே உட்கார்ந்துடும்.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். இந்தத் தமிழ் லொகேல் பகுதியை ஒருத்தரிட்ட மின்னஞ்சலில் வாங்கி என்ர ஸ்டைலில் போட்டன், எனக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் வரேல்ல. என்ர ஆவண மொழி இலங்கைத் தமிழ். அதுவோ காரணம்?

கோப்புப்பூச்சி:
அதேதான். லொகேல் பகுதியில் 'இந்தியத் தமிழ்' குறியீடு இருந்தா இலங்கைத் தமிழ் ஆவணம் அதைத் தொடாது. நாட்டுக் குறியீட்டை எடுத்துட்டு, தமிழுக்கான இரண்டு எழுத்துக் குறியீட்டை மட்டும் விடுங்கோ. இரு நாட்டுக்கும் பொருந்தும்.

பழைய_நூலகர்:
தொழில்நுட்பம் தம்பி சொல்லிவிட்டார். சொற்களைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும்.

'இன்' போன்ற ஆங்கில டெர்ம்கள் சொல்லுக்கு முன்னால் நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டும், ஒட்டும்போது சொல்லையும் மாற்றும். 'இன்' என்ற டெர்முக்கு 'இல்' என்று எழுதினால் 'ஆய்வுக்கோவை இல்' என்று பிரிந்து நிற்கும், 'ஆய்வுக்கோவையில்' ஆகாது. மென்பொருளுக்குப் புணர்ச்சி தெரியாது. அதனால் ஒட்டாமல் நிற்கக்கூடிய சொல்லாகப் பாருங்கள்: 'நூல்:' போதும், அல்லது காலியாக விடுங்கள். 'பார்த்த நாள்:' நல்ல தேர்வு. 'அணுகப்பட்டது' என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். பலர் எழுதிய நூலுக்கு 'முதலியோர்' எந்தப் பெயருக்குப் பின்னாலும் சிக்கலில்லாமல் நிற்கும். 'இபிட்' (முன்குறிப்பில் சொன்ன அதே நூல்) என்பதற்கு நம் ஆய்வேடுகளில் புழங்கும் 'மேலது' இருக்கவே இருக்கிறது. பெயர்களுக்கு நடுவே 'மற்றும்' மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஸ்டைலில் 'அண்ட்' பண்பையே நீக்கினால் காற்புள்ளி தானே வரும்.

'ஆண்டு இல்லை' என்ற டெர்மையும் அவசரப்பட்டு எல்லாப் பழைய நூலுக்கும் விட்டுவிடாதீர்கள். முகப்புப் பக்கத்தில் 'சர்வசித்து வருஷம்' என்று இருந்தால் ஆண்டு இருக்கிறது என்று பொருள். 60 ஆண்டுச் சுழற்சியில் அது 1827, 1887, 1947 என வரும். அச்சகத்தையும் பதிப்பாசிரியரையும் வைத்து எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நூற்பட்டியல்_தலைவலி:
ஐயா, கண்டுபிடிக்க முடியலைன்னா? தேதிக் கட்டத்தில் வருஷப் பெயரையே தட்டச்சலாமா?

கோப்புப்பூச்சி:
தட்டச்சலாம். எண் வடிவில் ஆண்டு தெரியலைன்னா ஜோட்டெரோ அந்தக் கட்டத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அனுப்பிடும். கட்டம் காலி இல்லை என்பதால் 'ஆண்டு இல்லை'யும் வராது. ஆனா வரிசைப்படுத்தும்போது 1887க்குப் பக்கத்தில் போய் நிற்காது. அதைக் கையால்தான் பார்த்துக்கணும்.

நூற்பட்டியல்_தலைவலி:
நேற்று வழிகாட்டியிடம் கொடுத்தேன். நாலு பக்கத்தில் ஒரே ஒரு வட்டம்: இணையதளப் பதிவு ஒன்றில் '12 மார்ச் 2025' என்பதில் மார்ச் மட்டும் ஆங்கிலத்தில். மாதப் பெயர்களும் டெர்ம்தானா?

கோப்புப்பூச்சி:
பன்னிரண்டும். 'மன்த்-01' முதல் 'மன்த்-12' வரை. ஷார்ட்டையும் மறக்காதீங்க.