சென்சார் மாட்டியாயிற்று, அலாரத்தை யாரும் மதிப்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (சமையற்கூடப் பொறுப்பு)
400 பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடம். குளிர் அறையிலும் ஃபிரிட்ஜிலும் சூட்டுப் பெட்டிகளிலும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், அளவை வைஃபையில் அனுப்ப இஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டு. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாலே போனில் அலாரம். இடையிடையே ஃபிரிட்ஜுக்குள் 85 டிகிரி என்று காட்டுகிறது. குளிர் அறையிலிருந்து மணிக்கணக்கில் தகவலே வருவதில்லை.

பதில் (வயர்மேன்)
85 என்பது அந்தச் சென்சாருக்கு மின்சாரம் வந்ததும் இருக்கும் தொடக்க மதிப்பு. 12 பிட்டில், அதாவது அதன் மிகத் துல்லியமான அளவில், அளந்து முடிக்க 750 மில்லி செகண்ட் வேண்டும். மின்சாரம் வந்தபின் முதல் அளவு முடிவதற்குள் படித்தாலோ, நடுவில் மின்சாரம் விட்டு வந்தாலோ 85தான் வரும். முதலில் வயர் இணைப்பையும், டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிரிட்ஜில் 85ஐத் தள்ளிவிடலாம். சூட்டுப் பெட்டியில் அப்படித் தள்ளாதீர்கள், அங்கே அது நிஜமாகவே 85ஆக இருக்கலாம்; முந்தைய அளவோடு ஒப்பிடுங்கள்.

குளிர் அறையின் உலோகச் சுவர் வைஃபையை விடாது. போர்டு வெளியே, புரோப் (வயர் நுனியில் இருக்கும் சென்சார்) மட்டும் உள்ளே. 15 நிமிடம் தகவல் இல்லையென்றால் அதுவே அலாரமாக வேண்டும். அந்தக் கணக்கு சர்வரில் நடக்கட்டும். செத்த போர்டு தான் செத்ததைச் சொல்லாது. ரவுட்டருக்கு யுபிஎஸ் அவசியம்.

பதில் (குளிர்பதனம்)
கதவைத் திறந்தால் காற்றுதான் சட்டென்று சூடாகும், உணவு ஆகாது. நீங்கள் அளப்பது காற்றை. 200 மில்லி பாட்டிலில் உணவுத் தர புரோப்பிலீன் கிளைக்காலும் (எளிதில் உறையாத திரவம்) தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றி, புரோப்பை அதில் முக்கி வையுங்கள். 5 டிகிரிக்கு மேல் 30 நிமிடம் தொடர்ந்தால் மட்டும் அலாரம். பொய்யாக அடித்துக்கொண்டே இருக்கும் அலாரம், அலாரமே இல்லாததைவிட மோசம்.

மாதம் ஒருமுறை சரிபார்ப்பு: ஃபிளாஸ்க் நிறைய நொறுக்கிய ஐஸ், இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். கலக்கி, புரோப் அடியையோ சுவரையோ தொடாமல் நாலு நிமிடம். 0 வரவேண்டும், அரை டிகிரிக்கு மேல் விலகினால் மாற்றிவிடுங்கள். தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி மிதந்தால் போதாது.

பதில் (உணவு நுண்ணுயிரியல்)
சூட்டுப் பெட்டியில் மூடிக்கு அடியில் இருக்கும் சென்சார் ஆவியைத்தான் அளக்கும். உணவின் நடுவில் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது. அந்தப் புரோப்புகள் பலவற்றின் வயர் உறை பிவிசி, சூட்டில் இளகும். சிலிகோன் உறையும் ஸ்டெயின்லெஸ் முனையும் உள்ள பிடி100 (வேறு வகை வெப்பநிலை சென்சார்) வாங்குங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கழுவிக் கிருமிநீக்கம் செய்துதான் குத்தவேண்டும்.

சோற்றில் கவனம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்தாலும் சாகாது. ஆறிக் கிடக்கையில் அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் “60க்குக் கீழே போய்விட்டது, சூடாக்கி அனுப்பு” என்பது தீர்வல்ல. எப்போது இறங்கியது, எவ்வளவு நேரம் கிடந்தது என்ற பதிவைப் பார்த்து முடிவெடுங்கள். ஆறவைத்து எடுத்துவைப்பதாக இருந்தால் 60 டிகிரியிலிருந்து 21க்கு 2 மணி நேரத்தில், அங்கிருந்து 5க்கு அடுத்த 4 மணி நேரத்தில் இறங்கவேண்டும். ஆழமான அண்டாவில் இது நடக்காது, 5 செ.மீ. உயரத்துக்குத் தட்டில் பரப்புங்கள்.

கேள்வி கேட்டவர்
கிளைக்காலுக்குப் பதில் வெறும் தண்ணீர்?

பதில் (குளிர்பதனம்)
ஃபிரிட்ஜுக்குச் சரி. ஃபிரீசரில் உறைந்து பாட்டில் வெடிக்கும்.